மன்னவனூருக்கு ஏறிய தூக்குவாளி

கூடத்தில் பரப்பியிருந்த சாமான்களுக்கு நடுவிலிருந்து துவரம்பருப்புப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டுபோய் அடுக்களை டப்பாவில் கொட்டினார் மதினி. "மலை மேல போயி இதை யாரு உக்காந்து வேகவைக்கிறது?" என்று மட்டும் கேட்டார். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவர் மகன் பதில் பேசவில்லை. அம்மா மாவு மில்லுக்குக் கிளம்பியதும் அரைக் கிலோ பருப்பை மறுபடி அளந்து பைக்குள் செருகினான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சித்தப்பன் என்றால் காட்டிக்கொடுக்கக் கூடாது.

பொங்கல் முடிந்த வாரம். அண்ணன், மதினி, பையன், நான் என நாலு பேர் கொடைக்கானலுக்கு மேலே, மன்னவனூர்ப் பக்கம், இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்குவதாக ஏற்பாடு. மல்லாங்கிணற்றுக்காரர்கள் குளிரைத் தேடிப் போவது கொஞ்சம் வேடிக்கைதான். விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகிற சாலையில் எங்கள் பேரூராட்சி. சுற்றிலும் கரிசலும் சீமைக்கருவேலமும். மார்கழியில் விடியற்காலை லேசாகப் பனி பெய்தாலே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு 'என்னா குளுரு' என்போம். ஆனால் ஊர் சுற்றும் புத்தி இங்கே உண்டு. 'தேசாந்திரி' எழுதிய எஸ். ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் இது. அந்த ஆசை எங்கள் ஊர்த் தண்ணீரிலேயே இருக்கிறது என்று சொல்லலாம்; தண்ணீர்தான் அவ்வளவாக இல்லை.

பையன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். குளிரில் நடந்து திரிந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3,000 கலோரியாவது வேண்டும். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கூடாரம் போடும் நிலம் இரண்டு கிலோமீட்டர், அவ்வளவு தூரமும் தோளில் சுமக்க வேண்டும். அதனால் எடை குறைவாகவும் தெம்பு அதிகமாகவும் இருக்கிற சாப்பாடுதான் சரி. இதுவரை அவன் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. அதற்கு அவன் கண்டுபிடித்த வழிதான் சூப் பாக்கெட்டும், பாஸ்தாவும், நூடுல்ஸும், ராத்திரிக்குப் பருப்புச் சாதமும். மூன்று லிட்டர் குக்கரை எடை என்று ஒதுக்கிவிட்டு அலுமினியச் சட்டி ஒன்றை எடுத்து வைத்தான்.

மதினியின் கணக்கு வேறு இடத்தில் கற்றது. அவர் இருபது வருடம் சிவகாசிப் பக்கம் வேனில் போய்ப் பட்டாசு ஆபீசில் வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் ஆலை, தொழிற்சாலை என்றெல்லாம் யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான். அதற்குள்ளே தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது, செல்போன் கூடாது, நைலான் சேலை கூடாது. மருந்து கிடக்கிற இடத்தில் சோற்றைச் சுட வைக்க அடுப்பு மூட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. விடிகாலை நாலு மணிக்கு ஆக்கியதைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு போய், மதியம் ஒரு மணிக்கு ஆறினபடியே சாப்பிட வேண்டும். எது ஆறினாலும் தொண்டையில் இறங்கும், எது நூல் விடும், எது சாயங்காலம் வேன் ஏறும்வரை வயிற்றில் நிற்கும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கூட வேலை பார்த்த பெண்களோடு ஒருமுறை வேன் டூர் போயிருக்கிறார். பெருமாள்மலைப் பக்கம் ரோட்டோரம் அடுப்புக் கூட்டி சாம்பார் வைத்தார்களாம். ஒன்றரை மணி நேரம் கொதித்தும் பருப்பு முழுசு முழுசாகவே கிடந்ததாம். பொட்டலம் அடுக்களைக்குத் திரும்பிய காரணம் அதுதான்.

மதினி மில்லுக்குப் போனது கருப்பு உளுந்தைத் தோலோடு வறுத்து, கொஞ்சம் பச்சரிசி சேர்த்து அரைத்து வர. கருப்பட்டியை முன்னதாகவே தட்டிப் பொடித்துவிட்டார். பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, சுக்கும் மிளகும் மல்லியும் இடித்த தூள், கெட்டியாக வற்றவைத்த புளிக்காய்ச்சல், சிவப்பரிசி அவல், வறுத்த நிலக்கடலை, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், சாத்தூர்ச் சேவு, ஒரு லிட்டர் நல்லெண்ணெய். எண்ணெய்க்கும் பருப்புக்கும் வத்தலுக்கும் தமிழ்நாட்டுக்கே விலை சொல்லும் விருதுநகர் பக்கத்தில் இருக்கும்போது எங்களுக்கு எண்ணெயில் கஞ்சத்தனம் வருவதில்லை. கம்பு மாவு ஏன் இல்லை என்று நான் கேட்டேன். "கம்பு குளிர்ச்சி. வெயிலுக்குத்தான் அது. எள்ளு, உளுந்து, கருப்பட்டி, சுக்கு இதெல்லாம் சூடு" என்றார்.

பையன் சிரித்தான். ஆனால் அன்று ராத்திரி அவனே உட்கார்ந்து அம்மாவின் சாமான்களை அவன் கணக்கில் ஏற்றிப் பார்த்தான். ஆக்கின சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. நிலக்கடலை 100 கிராமுக்கு 560-க்கு மேல். எள்ளும் கிட்டத்தட்ட அதே. நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி ஊற்றினாலே 120. 'சூடு' என்று அவன் அம்மா பிரித்து வைத்ததில் எள்ளும் எண்ணெயும் அவன் பட்டியலின் உச்சியில் நின்றன. சுக்கு மட்டும் அதில் ஏறவில்லை. அதற்குக் கலோரி ஒன்றும் பெரிதாக இல்லை. சூடு, குளிர்ச்சி என்ற நம் பிரிவினை எல்லாமே விஞ்ஞானம் என்று நான் சொல்ல வரவில்லை. பப்பாளி சூடு என்கிறவர்களிடம் எனக்கு இன்றைக்கும் வழக்கு உண்டு.

காலை நாலரைக்குக் கிளம்பினோம். நாலுவழிச் சாலையில் திருமங்கலம் வரை இருட்டு. பச்சை வேட்டியும் காவியுமாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் சாலையோரம் ஒளிரும் பட்டையை முதுகில் ஒட்டிக்கொண்டு போனார்கள். தைப்பூசம் நெருங்கும் நேரம். உசிலம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் புளிச்சோற்றுப் பொட்டலங்களில் இரண்டைப் பிரித்தோம். வாழையிலை வாட்டி, சூடான சோற்றை அதில் மடித்தால் வரும் மணம் இருக்கிறதே, அதற்காகவே நான் பயணம் போகிறவன். மிச்சப் பொட்டலங்கள் மறுநாள் காலைக்கு.

வத்தலக்குண்டில் வெயில் ஏறிவிட்டது. மலைச்சாலையில் இ-பாஸைக் காட்டிவிட்டு ஏறினோம். ஊத்து, பெருமாள்மலை தாண்டுகிறபோது மதினி தன் கைப்பையிலிருந்து தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாக உறைந்து, கவிழ்த்தாலும் அசையவில்லை. 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டியாகிவிடும். "இதுக்குத்தான் தேங்காயெண்ணெயில எதையும் தாளிக்கல" என்றார். நல்லெண்ணெய் டப்பாவுக்குள் எப்போதும்போலத் தளும்பிக்கொண்டிருந்தது.

கொடைக்கானல் ஊருக்குள் நாங்கள் நிற்கவில்லை. ஏரியும் படகும் பிறருக்கு இருக்கட்டும். பூம்பாறையில் இறங்கினோம். படிக்கட்டு வயல்களுக்கு நடுவே ஓடும் தகரமுமாக நெருங்கிக் கிடக்கிற ஊர். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் தாளோடு கட்டித் தொங்கவிட்ட மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான். பல் சிறுசு, தோலில் லேசான ஊதா, கையில் வைத்திருந்தாலே காரம் மூக்கில் ஏறும். கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. மதினி ஒரு கொத்து வாங்கித் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டார்.

மன்னவனூர் போகும் வழியில் ஒரு விவசாயியின் பட்டா நிலம். முன்கூட்டியே அனுமதி கேட்டு வைத்திருந்தோம்; கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க இப்போது முடியாது, முடியவும் கூடாது. நிலத்துக்காரர் இரண்டே விஷயம் சொன்னார். தீ மூட்டக் கூடாது. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைத்துத் தூங்கக் கூடாது, பன்றி வரும். முதல் விஷயத்தை அவர் மதினியிடம் சொல்லத் தேவையே இல்லை. கூடாரத்துக்கு முன்னால் தீ வளர்த்து, கையை நீட்டிக் காய்ந்தபடி படம் எடுப்பதுதான் முகாம் என்று பையனைப் போல நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2018 மார்ச் 11-இல் குரங்கணி மலையில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன தீயை நினைத்தால் காய்ந்த புல்லுக்குப் பக்கத்தில் தீக்குச்சி உரச யாருக்கும் கை வராது. மதினிக்கு அந்தப் பயம் இன்னும் பழையது. எங்கள் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டால் திருவிழா என்று முதலில் தோன்றாது. எந்த ஆபீசோ என்றுதான் அடிவயிறு கலங்கும்.

ஆக, சமையலுக்கு ஒரு சிறு கேஸ் அடுப்பு. மண்ணைச் சுத்தமாகச் செதுக்கிய இடத்தில் அதை வைத்துப் பையன் ஒளித்துக் கொண்டுவந்த பருப்பை உலையில் போட்டான். மணி ஆறு. மதினி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசம்.

ஏழு மணிக்குப் பருப்பு மணல் மாதிரி இருந்தது. ஏழரைக்கும் அப்படியே. அடுப்பின் தீயும் நீலமாக எழும்பியது போய்ச் சுருங்கிச் சுருங்கி முணுமுணுத்தது. இரண்டு கோளாறு ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. நாங்கள் இருந்தது ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம். கீழே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் அங்கே 93-லேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. பருப்புக்கு அது போதாது. மூடி இறுகிய குக்கருக்குள் ஆவி அடைபட்டுச் சூடு 110-ஐத் தாண்டும். எடை என்று ஒதுக்கிய அந்தக் குக்கர் மல்லாங்கிணற்றில் சுகமாக இருந்தது. அடுப்பின் கதை இன்னொன்று. சின்ன டப்பாக்களில் அடைக்கிற பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் ஆவியாக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். எரிய எரிய டப்பா தானே குளிர்ந்து இன்னும் மோசமாகும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் வைக்கலாம் என்று பையன் ஆரம்பித்ததும் மதினி எழுந்து பத்தடி தள்ளிப் போய் நின்றார். "கேஸ் டப்பாவைச் சுட வைக்கப் போறியாக்கும்? நான் பாத்த ஆக்சிடெண்டு போதும்ப்பா." கடைசியில் அண்ணன்தான் இருந்த இன்னொரு டப்பாவை எடுத்துச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். அதை மாட்டியதும் தீ ஒழுங்காக வந்தது.

அப்போது மதினி சட்டியைக் கேட்டு வாங்கினார். வேகாத பருப்பைத் தண்ணீரோடு தூக்குவாளியில் ஊற்றி மூடி ஓரமாக வைத்தார். சட்டியில் கருப்பட்டித் தூளைக் கரைத்துக் கொதிக்கவிட்டு, வண்டல் இறங்க வடித்து, உளுந்து மாவைத் தூவித் தூவிக் கிண்டினார். நல்லெண்ணெய் ஊற்ற ஊற்ற மாவு உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு ஒரு கட்டத்தில் இழுக்க மாட்டேன் என்று எண்ணெயைக் கக்க ஆரம்பித்தது, அதுதான் பதம். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். முழுப் பருப்பை அழவைத்த அதே 93 டிகிரியில் வறுத்த மாவு எப்படி வெந்தது என்றால், மாவுச்சத்து 80 டிகிரிக்குள்ளேயே வெந்துவிடும். வேகவைக்கிற வேலையில் பாதியை வறுசட்டியிலும் மில்லிலும் ஊரிலேயே முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மலையில் செலவழிக்க வேண்டிய கேஸை மல்லாங்கிணற்றில் விறகில் செலவழித்தார் என்றும் சொல்லலாம்.

உளுந்தங்களி எங்கள் பக்கம் பெரியமனுஷியான பெண்பிள்ளைகளுக்குக் கிண்டிக் கொடுப்பது. இடுப்புக்கு பலம் என்பார்கள். ஆம்பிளைப் பையன்களுக்குச் சட்டியில் ஒட்டினதுதான் கிடைக்கும். நாற்பத்தெட்டு வயதில், பனி இறங்கும் இருட்டில், ஒரு தட்டு நிறைய எனக்கென்று வைத்தது அன்றைக்குத்தான். எண்ணெய் விரலில் வழிய வழியச் சாப்பிட்டோம். "படுக்கப் போறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு உருண்டை" என்று மதினி கட்டாயப்படுத்தினார். செரிமானம் ஆகும்போது உடம்பு தானே சூடு கிளப்பும். கொழுப்பு மெதுவாகச் செரிப்பதால் விடியவரை அடுப்பு அணையாது. கம்பளியை எத்தனை போர்த்தினாலும் அது உள்ளே இருக்கிற சூட்டைத்தான் காக்கும், புதிதாகச் சூடு தராது. வெறும் வயிற்றோடு போர்வைக்குள் நுழைகிறவனுக்கு நடுராத்திரியில் பல் தந்தியடிக்கும். எனக்கு அடிக்கவில்லை. ஆனால் இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. கூடாரத்துக்கு வெளியே ஏதோ பெரிய உருவம் முட்டைக்கோசை மொறுமொறுவென்று கடிக்கும் சத்தம். காட்டுமாடு. மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்டது. அரைமணி நேரம் நால்வரும் பேச்சில்லாமல் படுத்திருந்தோம். அண்ணன் மட்டும் குறட்டை விட்டார். அந்தச் சத்தம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்.

விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளை. உப்பளத்தில் நிற்கிறமாதிரி இருந்தது. பையனின் மானியில் 3 டிகிரி. தட்டில் மிச்சமிருந்த தண்ணீர்மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு படலம். மதினி அதை விரலால் குத்தி உடைத்து, உடைந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சுக்குக் காப்பி போட்டார். கருப்பட்டி, சுக்கு, மல்லி, பால் கிடையாது. அதைக் கையில் பிடித்திருந்ததிலேயே பாதிக் குளிர் போனது.

புளிச்சோறுதான் மதினியை ஏமாற்றியது. தூக்குவாளி வித்தையெல்லாம் 35 டிகிரி வெயிலில் பழகியது. இங்கே ராத்திரியெல்லாம் வெளியே பெட்டியில் கிடந்த சோறு சரளைக்கல்லாக விறைத்திருந்தது. ஃபிரிட்ஜில் வைத்த சோறு விறைக்கிற அதே கதை: வெந்த சோற்றில் மாவுச்சத்து திரும்ப இறுகும், பூஜ்யத்துக்குச் சற்று மேலே உள்ள குளிரில் இன்னும் வேகமாக. மதினி ஒரு வாய் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். பையன் வாயைத் திறக்கவில்லை. முந்தைய நாள் பருப்பு அவனுக்கு நினைவிருந்தது. சட்டியில் எண்ணெய் காயவைத்து, சோற்றைக் கொட்டி, தண்ணீர் தெளித்து மூடியதும் மறுபடி இளகிவிட்டது. அடிப்பிடித்த பகுதிக்கு அண்ணனும் நானும் சண்டை போட்டோம்.

அன்று மன்னவனூர் வரை நடந்தோம். அங்கே மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. புல்மேட்டில் பாரத் மெரினோ ஆடுகள், பஞ்சு மூட்டைக்குக் கால் முளைத்தமாதிரி. எங்கள் கரிசலின் வேம்பூர் பொட்டு ஆட்டுக்கு இப்படி ரோமம் கிடையாது. அது வெயிலுக்குப் பிறந்தது. மெரினோ ஆடுகளைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஊர்க் கிடை நினைவு வந்துவிட்டது. அறுவடை முடிந்த புஞ்சையில் ராத்திரி ராத்திரியாக ஆட்டைக் கிடை மறிக்கிறவர்கள் மார்கழிப் பனியில் கம்பளியும் கம்பும் ஒரு சட்டியுமாக வாழ்ந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார். சின்ன வயதில் அவர்களிடம் கூழ் வாங்கிக் குடித்திருக்கிறாராம். முகாம் என்று நாங்கள் காசு செலவழித்துச் செய்வதை அவர்கள் பிழைப்பாகச் செய்தார்கள்.

நடக்கும்போது சட்டைப்பையில் நிலக்கடலையும் கடலைமிட்டாயும். உட்கார்ந்து சாப்பிட்டால் உடம்பு குளிர்ந்துவிடும். அரைமணிக்கு ஒருமுறை இரண்டு வாய் போட்டுக்கொண்டே நடப்பதுதான் தோதாக இருந்தது. சாயங்காலம் எனக்குத் தலைவலி. காலையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டேன். குளிரில் தாகமே தெரிவதில்லை, ஆனால் மூச்சு விட விட ஆவியாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மதினி ஃபிளாஸ்க்கில் சீரகத் தண்ணீரை ஊற்றி நீட்டி, குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.

தூக்குவாளியில் ஊறிக்கொண்டிருந்த பருப்பு அன்று ராத்திரி உதவியது. ஒரு ராப்பகல் முழுக்க ஊறியதால் விரலில் நசுங்கியது. ஒரு கொதி கொதிக்கவிட்டு, சட்டியைப் போர்வையில் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தார் மதினி. பிரித்தபோது முக்கால் வேக்காடு. அதில் மலைப்பூண்டைத் தட்டிப் போட்டு, மிளகு, சீரகம், புளிக்காய்ச்சல் ஒரு கரண்டி கரைத்து ரசமாக்கினார். அவலை அதில் கொட்டினால் சோறு தேவைப்படவில்லை. பையன் மூன்று முறை வாங்கிக் குடித்தான். "பருப்பு கொண்டு வந்தது நல்லதாப் போச்சுல்ல?" என்று அம்மாவைக் கேட்டான். அவர் கரண்டியை ஓங்கினார்.

மறுநாள் மதியம் இறங்கினோம். பையனின் சூப் பாக்கெட்டுகளும் பாஸ்தாவும் பிரிக்காமலே திரும்பி வந்தன. ஸ்வெட்டரைப் பெருமாள்மலையில் கழற்றினோம், வண்டிக் கண்ணாடியை வத்தலக்குண்டில் இறக்கினோம். உசிலம்பட்டி வருகையில் மதினி தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மட்டும் மிதந்தது. விருதுநகரில் அதுவும் இல்லை.

வீட்டு வாசலில் பையை இறக்கும்போதே அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுவிட்டுக் கேட்டார்: "பக்கத்து வீட்டுல பழைய சோறு இருக்குமா, மோர் ஊத்தி?"